அத்தியாயம் 6: ஆட்டோக் கட்டணம் சொல்லும் ஏ.பி.ஐ. சர்வர்

இந்த அத்தியாயத்தை முடிக்கும்போது உங்கள் கையில் ஒரு சின்ன சர்வர் இருக்கும். பெங்களூரில் ஆட்டோவில் இத்தனை தூரம், இத்தனை மணிக்குப் போனால் அரசு நிர்ணயித்த கட்டணம் எவ்வளவு என்று கேட்டால் அது பதில் சொல்லும். ஒரு மொபைல் செயலியோ, வலைப்பக்கமோ, வேறொரு நிரலோ அதைக் கேட்கலாம். கோ மொழியில் எழுதப் போகிறோம். கோவோடு வரும் தொகுப்புகளே போதும், வெளியிலிருந்து எதையும் இறக்கத் தேவையில்லை.

சர்வர் எழுதுவது கடினம் என்று பலர் தயங்குகிறார்கள். வலையில் காத்திருந்து பதில் அனுப்பும் பகுதி உண்மையில் சில வரிகள்தான். உழைப்பு கேட்பது வேறு இடம். நிரல் தரும் விடை சரியா, தவறான கேள்வி வந்தால் அது எப்படி நடந்துகொள்கிறது என்பதுதான் அந்த இடம். கம்பைலர் பல தவறுகளை நமக்காகப் பிடித்துக் கொடுக்கும், சிலவற்றைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். எது அதன் பொறுப்பு, எது உங்கள் பொறுப்பு என்று பிரித்துப் பார்க்கப் பழகுங்கள். இந்த அத்தியாயத்தின் பாடம் அதுதான்.

விதி முதலில், நிரல் பிறகு

கம்ப்யூட்டரைத் தொடுவதற்கு முன் விதியை ஒரு தாளில் எழுதுங்கள். பெங்களூரில் ஆட்டோக் கட்டணத்தை மாவட்ட நிர்வாகத்தின் கீழுள்ள போக்குவரத்து ஆணையம் நிர்ணயிக்கிறது. 2025 ஆகஸ்ட் 1 முதல் நடப்புக்கு வந்த கட்டணம் இது:

1. முதல் 2 கி.மீ. வரை 36 ரூபாய்.
2. அதற்கு மேல் ஒவ்வொரு கி.மீ.க்கும் 18 ரூபாய்.
3. இரவு 10 மணி முதல் காலை 5 மணி வரை ஒன்றரை மடங்கு.
4. காத்திருப்புக்கு முதல் 5 நிமிடம் இலவசம், பிறகு ஒவ்வொரு 15 நிமிடத்துக்கும் 10 ரூபாய்.

முதல் மூன்றை இந்த அத்தியாயத்தில் எழுதுவோம். நான்காவதை இறுதியில் பயிற்சியாக விட்டிருக்கிறேன்.

எழுதிய விதியை ஒருமுறை சந்தேகக் கண்ணோடு படியுங்கள். சரியாக 2 கி.மீ. என்றால் 36 ரூபாய்தானே? சரியாக 10 மணிக்கு ஏறினால் பகலா, இரவா? 5 மணிக்கு? இந்தக் கேள்விகளுக்கு நிரல் ஏதாவது ஒரு பதிலைச் சொல்லியே தீரும். நீங்கள் முடிவு செய்யாமல் விட்டால், தற்செயலாக எழுதிய ஒரு குறியீடு அதை முடிவு செய்துவிடும். நாம் இப்படி வைத்துக்கொள்வோம்: 10:00 இரவு, 5:00 பகல்.

கட்டணத்தை நேர்விகிதத்தில் கணக்கிடுகிறோம். பயணத்தில் மீட்டர் காட்டும் தொகை இதிலிருந்து கொஞ்சம் மாறலாம். அதனால் விடையில் ‘உத்தேசக் கட்டணம்’ என்று குறிப்பிட வேண்டும். இதையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

கம்பைல் ஆகும் மொழி எதற்கு?

பெங்களூரு நிறுவனங்களைப் பார்த்தாலே விடை கிடைக்கும். பங்குத் தரகு நிறுவனமான ஜெரோதா தன் சர்வர்களில் பெரும்பகுதியைக் கோவில் எழுதியிருக்கிறது. அதன் தொழில்நுட்பத் தலைவர் கைலாஷ் நாத் உருவாக்கிய லிஸ்ட்மாங்க் என்ற மின்னஞ்சல் மென்பொருளும் கோதான். அதன் மூல நிரல் யாரும் படிக்கக் கிடைக்கிறது. ஒரே ஒரு பைனரி கோப்பும் ஒரு போஸ்ட்கிரெஸ் தரவுத்தளமும் இருந்தால் அதை ஓட்டலாம். 2022 நவம்பரில் ஆட்டோ ஓட்டுநர் சங்கத்தோடு சேர்ந்து பெங்களூரில் தொடங்கிய நம்ம யாத்ரி செயலியின் சர்வர் ஹாஸ்கெல் மொழியில் எழுதப்பட்டது. அதன் நிரலும் திறந்தே இருக்கிறது. அதை உருவாக்கிய ஜஸ்பே நிறுவனத்தின் ஹைப்பர்ஸ்விட்ச் என்ற பணம் செலுத்தும் மென்பொருள் ரஸ்ட் மொழியில் அமைந்தது. கோ, ஹாஸ்கெல், ரஸ்ட் மூன்றின் போக்கும் வெவ்வேறு. ஆனால் மூன்றும் கம்பைல் ஆகும் மொழிகள், மூன்றிலும் ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரு வகை உண்டு.

நமக்கு இதில் இரண்டு லாபம். வகை பொருந்தாத இடத்தை, நிரல் ஓடும் முன்பே கம்பைலர் சுட்டிக்காட்டிவிடும். அடுத்து, கம்பைல் செய்து கிடைக்கும் ஒரே கோப்பை சர்வருக்குக் கொண்டுபோனால் போதும். அங்கே மொழியை நிறுவ வேண்டாம், தொகுப்புகளின் பதிப்புச் சண்டையும் இல்லை.

தொடக்கத்துக்குக் கோவை நான் சிபாரிசு செய்யக் காரணம் அதன் சிக்கனம். 2007இல் கூகுளில் ராபர்ட் கிரீஸ்மர், ராப் பைக், கென் தாம்ப்சன் மூவரும் அதை வடிவமைக்கத் தொடங்கினார்கள். பெரிய நிரல்களைக் கம்பைல் செய்யக் காத்திருந்து சலித்ததும் அதற்கு ஒரு காரணம். 2009 நவம்பரில் பொதுவெளிக்கு வந்தது, 2012 மார்ச்சில் முதல் நிலையான பதிப்பு. அன்று எழுதிய நிரல் பின்னால் வரும் பதிப்புகளிலும் ஓட வேண்டும் என்ற உறுதிமொழியை அதன் குழு இன்றும் காக்கிறது. இந்தியக் கோ நிரலாளர்களின் முதல் மாநாடான கோஃபர்கான் இந்தியா 2015 பிப்ரவரியில் பெங்களூரில்தான் நடந்தது. சந்தேகம் கேட்க ஊரில் ஆள் கிடைக்கும் என்பதும் கற்பவருக்குச் சின்ன விஷயமல்ல.

தயாரிப்பு

கோவின் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து 1.22 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பை நிறுவுங்கள். 2024 பிப்ரவரியில் வந்த 1.22இல்தான், பாதையையும் கோரிக்கை முறையையும் ஒரே வரியில் எழுதும் வசதி வந்தது. அதை நாம் பயன்படுத்தப் போகிறோம்.

ஒரு ஃபோல்டரை உருவாக்கி, டெர்மினலில் அதற்குள் சென்று ‘கோ மாட் இனிட்’ கட்டளையை ஒரு பெயரோடு கொடுங்கள். இப்போது மூன்று காலிக் கோப்புகளை உருவாக்குங்கள்: கணக்குக்கு ஒன்று, அந்தக் கணக்கின் டெஸ்டுக்கு ஒன்று, சர்வருக்கு ஒன்று. டெஸ்ட் கோப்பின் பெயர் ‘_டெஸ்ட்.கோ’ என்று முடிய வேண்டும். கட்டளைகளையும் பெயர்களையும் ஆங்கில எழுத்தில்தான் தட்டச்ச வேண்டும். கோவில் வேரியபிள் பெயர்களுக்குப் பல மொழி எழுத்துகள் செல்லும், ஆனால் தமிழின் புள்ளியையும் துணை எழுத்துகளையும் அது எழுத்தாக எண்ணுவதில்லை. எனவே ‘கட்டணம்’ என்று வேரியபிளுக்குப் பெயர் வைத்தால் கம்பைலர் மறுத்துவிடும்.

கணக்கையும் சர்வரையும் ஏன் பிரிக்கிறோம்? பெங்களூரு தர்ஷினி உணவகத்தில் டோக்கன் தருகிறவர் தோசை வார்ப்பதில்லை. டோக்கன் கவுன்ட்டரை இடம் மாற்றினாலும் தோசை மாறாது. அதுபோல வலையைப் பற்றி எதுவும் அறியாத ஒரு ஃபங்ஷனாகக் கணக்கு இருக்கட்டும். அப்போது சர்வரை ஓட்டாமலேயே கணக்கைச் சோதிக்கலாம். நாளை கட்டணம் மாறினால் ஒரு கோப்பை மட்டும் திறந்தால் போதும்.

முதல் கோப்பு: கணக்கு

படி 1. பணத்தை முழு எண்ணில், பைசாவில் வையுங்கள். 36 ரூபாய் என்பது 3600. தூரத்தையும் முழு எண்ணில், மீட்டரில் வையுங்கள். தசம எண்களைக் கம்ப்யூட்டர் இரும எண்ணாகச் சேமிக்கும்போது 0.1 போன்ற எளிய எண்கூடத் துல்லியமாக உட்காருவதில்லை. பணக் கணக்கில் அந்தச் சிறு பிசகுக்கு இடம் தரக் கூடாது.

படி 2. பைசாவுக்கு ஒரு வகை, மீட்டருக்கு ஒரு வகை என்று இரண்டு புதிய வகைகளை அறிவியுங்கள். இரண்டுக்கும் அடிப்படை 64 பிட் முழு எண்தான். ஆனால் பெயர் வேறாக இருப்பதால், பைசா வர வேண்டிய இடத்தில் மீட்டரைக் கொடுத்தால் கம்பைலர் நிறுத்திவிடும். இரண்டு வரியில் கிடைக்கும் பாதுகாப்பு இது, தவறவிடாதீர்கள்.

படி 3. கட்டண விவரத்தை ஒரு ஸ்ட்ரக்டில் வையுங்கள்: நடப்புக்கு வந்த தேதி, தொடக்கத் தூரம் (2000 மீட்டர்), தொடக்கக் கட்டணம் (3600), ஒரு கி.மீ.க்கான கட்டணம் (1800). இந்த எண்களைக் கணக்கின் நடுவே எழுதிவிடாதீர்கள். 2013 முதல் இருந்த கட்டணத்தில் முதல் 1.9 கி.மீ.க்கு 25 ரூபாய், பிறகு கி.மீ.க்கு 13 ரூபாய். 2021 டிசம்பர் 1 முதல் அது முதல் 2 கி.மீ.க்கு 30 ரூபாய், பிறகு கி.மீ.க்கு 15 ரூபாய் என்று ஆனது. ரூபாய் மட்டுமல்ல, தொடக்கத் தூரமே மாறியிருக்கிறது. ‘இது மாறவே மாறாது’ என்று தோன்றும் எண்ணைத்தான் முதலில் ஸ்ட்ரக்டுக்குள் கொண்டுவர வேண்டும்.

படி 4. ஃபங்ஷனை எழுதுங்கள். அது விவரம், தூரம், மணி மூன்றையும் வாங்கிப் பைசாவைத் திருப்பித் தரும். தூரம் தொடக்கத் தூரத்துக்குள் என்றால் தொடக்கக் கட்டணம். அதற்கு மேல் என்றால், மீதித் தூரத்தைப் பைசா வகைக்கு மாற்றி, கி.மீ. கட்டணத்தால் பெருக்கி, 1000ஆல் வகுத்து, தொடக்கக் கட்டணத்தோடு கூட்டுங்கள். இரவு என்றால் முடிவை 3ஆல் பெருக்கி 2ஆல் வகுங்கள்.

இந்தப் படியில் கம்பைலர் காட்டாத இரண்டு குழிகள் உண்டு.

முதல் குழி, பெருக்கல் வகுத்தலின் வரிசை. முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் கோ மீதியை வெட்டி எறிந்துவிடும். 7.5 கி.மீ. பயணத்தில் மீதித் தூரம் 5500 மீட்டர். முதலில் 1000ஆல் வகுத்தால் 5 ஆகிவிடும், கட்டணம் 126 ரூபாய் என்று வரும். முதலில் பெருக்கிப் பிறகு வகுத்தால் 135 ரூபாய் என்ற சரியான விடை. இரண்டு நிரலும் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் கம்பைல் ஆகும். ஆனால் முதல் நிரலில் ஓட்டுநருக்கு 9 ரூபாய் நஷ்டம்.

இரண்டாம் குழி, இரவு. இரவு நேரம் நள்ளிரவைக் கடக்கிறது. ‘22க்குச் சமம் அல்லது மேல்’, ‘5க்குக் கீழ்’ என்ற இரண்டு நிபந்தனைகளையும் ‘அல்லது’ போட்டு இணைக்க வேண்டும். ‘மற்றும்’ போட்டு இணைத்தால், ஒரே நேரத்தில் 22க்கு மேலும் 5க்குக் கீழும் உள்ள மணி எதுவும் இல்லையாதலால், இரவுக் கட்டணம் ஒருபோதும் வராது.

இரண்டாம் கோப்பு: டெஸ்ட்

அந்தக் குழிகளைக் கண்டுபிடிக்க வேண்டியது டெஸ்ட். சர்வரைத் தொடும் முன் இதை எழுதிவிடுங்கள். கோ நிரலாளர்கள் வழக்கமாக டெஸ்டை ஓர் அட்டவணையாக எழுதுவார்கள்: உள்ளீடுகள், எதிர்பார்க்கும் விடை, அதன் மேல் ஒரு சுழல். கீழே உள்ள விடைகளைக் கையாலும் ஒருமுறை கணக்கிட்டுப் பாருங்கள்.

| தூரம் (மீட்டர்) | நேரம் | கட்டணம் (பைசா) |
|---|---|---|
| 800 | 12:00 | 3600 |
| 2000 | 12:00 | 3600 |
| 2500 | 12:00 | 4500 |
| 5000 | 12:00 | 9000 |
| 7500 | 21:59 | 13500 |
| 7500 | 22:00 | 20250 |
| 7500 | 04:59 | 20250 |
| 7500 | 05:00 | 13500 |
| 2000 | 23:30 | 5400 |

இந்த அட்டவணையில் பெரும்பாலான வரிசைகள் எல்லையில் நிற்கின்றன. பிழைகள் எல்லைகளில்தான் பதுங்கும். 5000 மீட்டர் வரிசை ஒன்றை மட்டும் சோதித்திருந்தால், வகுத்தல் வரிசையைத் தவறாக எழுதிய நிரலும் தேறியிருக்கும். 2500, 7500 மீட்டர் வரிசைகள்தான் அதைப் பிடிக்கும். 202 ரூபாய் 50 காசு என்ற விடையும் வந்திருப்பதைக் கவனியுங்கள். பைசாவில் வைத்ததன் பயன் அது.

டெர்மினலில் ‘கோ டெஸ்ட்’ கொடுங்கள். எல்லாம் தேறினால் சர்வருக்குப் போகலாம். தேறாவிட்டால் நிரலைத் திருத்துங்கள். நிரலுக்கு ஏற்ற மாதிரி அட்டவணையைத் திருத்தும் பழக்கம் வேண்டாம்.

மூன்றாம் கோப்பு: சர்வர்

கோவோடு வரும் ‘நெட்/எச்.டி.டி.பி.’ தொகுப்பு நமக்குப் போதும்.

படி 1. ஒரு ‘சர்வ்மக்ஸ்’ உருவாக்குங்கள். எந்தப் பாதைக்கு எந்த ஃபங்ஷன் என்று வழிகாட்டுவது அதன் வேலை. ‘கெட்’ முறையையும் ‘/ஃபேர்’ பாதையையும் ஒரே சரமாக எழுதி, நம் ஃபங்ஷனோடு இணையுங்கள். யாராவது ‘போஸ்ட்’ முறையில் அதே பாதைக்கு வந்தால் 405 என்று சர்வ்மக்ஸே மறுத்துவிடும். இல்லாத பாதைக்கு வந்தால் 404. இவற்றுக்கு நீங்கள் ஒரு வரியும் எழுத வேண்டாம்.

படி 2. கோரிக்கையின் முகவரியிலிருந்து ‘டிஸ்டன்ஸ்’ என்ற அளவுருவை எடுத்து எண்ணாக மாற்றுங்கள். முழு எண்ணாக மாற்றும் ஃபங்ஷன் இரண்டு மதிப்புகளைத் தரும்: எண், பிழை. இரண்டில் ஒன்றை வாங்காமல் விட்டால் கம்பைலர் நிறுத்தும். ஆனால் பிழையை அடிக்கோடு போட்டு உதறினால் ஒன்றும் சொல்லாது. உதறினால் என்ன ஆகும்? ‘ஏழரை’ என்று யாரோ அனுப்பினால் எண் 0 ஆகிவிடும், சர்வர் ‘36 ரூபாய்’ என்று தைரியமாகச் சொல்லும். தவறான விடை, விடை இல்லாததைவிட மோசம். பிழை வந்தால் 400 நிலைக் குறியோடு, ‘தூரத்தை மீட்டரில், முழு எண்ணாகத் தரவும்’ என்று தெளிவாகத் திருப்பி அனுப்புங்கள்.

படி 3. எண் சரியாக இருந்தாலும் அது ஏற்கத்தக்கதா என்று பாருங்கள். 0 அல்லது அதற்குக் கீழ் என்றால் மறுக்கவும். மேல் எல்லை ஒன்றும் வையுங்கள். நகர ஆட்டோவுக்கு 1,00,000 மீட்டர் தாராளம். மிகப் பெரிய எண்களைப் பெருக்கும்போது 64 பிட் நிரம்பி எண் தலைகீழாகும் ஆபத்தும் இதோடு அடைபடும்.

படி 4. மறுத்த பிறகு ‘ரிட்டர்ன்’ எழுத மறக்காதீர்கள். பிழைச் செய்தியை அனுப்பும் ஃபங்ஷன் செய்தியை மட்டும்தான் அனுப்பும், உங்கள் ஃபங்ஷனை நிறுத்தாது. ‘ரிட்டர்ன்’ இல்லாவிட்டால் பிழைச் செய்திக்குக் கீழேயே கட்டணமும் ஒட்டிக்கொண்டு போகும். இதையும் கம்பைலர் சொல்லாது.

படி 5. ‘டைம்’ என்ற அளவுரு இருந்தால் அதை மணி, நிமிடமாகப் பிரியுங்கள், இல்லாவிட்டால் இப்போதைய நேரத்தை எடுங்கள். கோவில் நேர வடிவத்தை ஒரு மாதிரி நேரத்தைக் கொண்டு சொல்ல வேண்டும். 24 மணி நேர வடிவத்துக்கு ‘15:04’ என்றே எழுத வேண்டும், வேறு எண் எழுதினால் பொருந்தாது. அந்த எண்கள் கோவின் விதி, நம் விருப்பம் இல்லை.

படி 6. கணக்கு ஃபங்ஷனை அழையுங்கள். விடையின் தலைப்பில் உள்ளடக்க வகை ஜேசான் என்று குறியுங்கள். தலைப்பை முதலில் எழுதி, உடலைப் பிறகு எழுத வேண்டும். உடல் கிளம்பிய பின் தலைப்பை மாற்றினால் அது போய்ச் சேராது.

விடை தமிழில்

நம் சர்வரின் விடை இப்படி இருக்கட்டும்:

{"கட்டணம்": 13500, "குறிப்பு": "உத்தேசக் கட்டணம்", "நாணயம்": "பைசா", "வகை": "பகல்"}

ஜேசான் யூனிகோடை முழுமையாக ஏற்கிறது, கோவும் தமிழை அப்படியே அனுப்புகிறது. ஆனால் தமிழில் எழுதுகிறவர்கள் சந்திக்கும் ஒரு தடை இங்கே உண்டு. கோவில் வழக்கமாக ஸ்ட்ரக்டின் ஒவ்வொரு புலத்துக்கும் ‘டேக்’ எழுதி ஜேசான் பெயரைக் குறிப்பார்கள். வழக்கமான ஜேசான் தொகுப்பு அந்த டேக்கில் எழுத்து, இலக்கம், சில நிறுத்தக் குறிகள் இவற்றை மட்டுமே ஏற்கும். புள்ளியும் துணை எழுத்தும் உள்ள தமிழ்ப் பெயரை அது சத்தமில்லாமல் ஒதுக்கிவிட்டு, புலத்தின் ஆங்கிலப் பெயரையே அனுப்பிவிடும். கம்பைலரும் பேசாது, ஓடும்போதும் பிழை வராது. தமிழ்ப் பெயர் வேண்டுமென்றால் ஸ்ட்ரக்டை விட்டு, சரத்தைச் சாவியாகக் கொண்ட ‘மேப்’ பயன்படுத்துங்கள். அதில் எந்தத் தடையும் இல்லை, சாவிகள் வரிசைப்படுத்தப்பட்டு வெளிவரும்.

விடையின் பெயர்களைத் தமிழில் வைத்தாலும் முகவரியை ஆங்கில எழுத்தில் வையுங்கள். முகவரியில் வரும் ஒவ்வொரு தமிழ்க் குறியும் விழுக்காட்டுக் குறிகளாக மாறி 9 எழுத்துகளை அடைத்துக்கொள்ளும். ‘தூரம்’ என்ற சிறு சொல்லே 45 எழுத்தாக நீளும். உங்கள் சர்வரை வேறு மொழி பேசும் குழுக்களும் பயன்படுத்துமானால், சாவிகளை ஆங்கிலத்திலும் பயனர் படிக்கும் செய்திகளைத் தமிழிலும் கன்னடத்திலும் வைப்பது நல்ல ஏற்பாடு.

எந்த ஊர் நேரம்?

உங்கள் மடிக்கணினியில் எல்லாம் சரியாக ஓடும். வாடகை சர்வரில் ஏற்றியதும் காலை 10 மணிக்கு ஏறுகிற பயணிக்கு இரவுக் கட்டணம் வரும். காரணம், வாடகை சர்வர்கள் பெரும்பாலும் யூ.டி.சி. நேரத்தில் ஓடுகின்றன. இந்திய நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முன்னால் இருக்கிறது. அங்கே 22 மணி என்பது இங்கே அதிகாலை 3:30, அங்கே 5 மணி என்பது இங்கே காலை 10:30. அதனால் காலை 5 முதல் 10:30 வரை பகல் பயணத்துக்கு இரவுக் கட்டணமும், இரவு 10 முதல் அதிகாலை 3:30 வரை இரவுப் பயணத்துக்குப் பகல் கட்டணமும் வரும்.

எனவே இப்போதைய நேரத்தை எடுத்ததும் இந்திய நேரத்துக்கு மாற்றுங்கள். ‘ஏஷியா/கொல்கத்தா’ என்ற பெயரைக் கொடுத்து மாற்றலாம். அதற்கு நேர மண்டலத் தகவல் கோப்புகள் அந்த சர்வரில் இருக்க வேண்டும். மிகச் சிறிய கண்டெய்னர்களில் அவை இருக்காது. ‘டைம்/டிஇசட்டேட்டா’ தொகுப்பைச் சேர்த்தால் அந்தத் தகவல் பைனரிக்குள்ளேயே வந்துவிடும், கோப்பு சுமார் 450 கே.பி. பெரிதாகும். இதைவிட எளிய வழியும் உண்டு. இந்தியாவில் கோடைக்கு ஒன்று, குளிருக்கு ஒன்று என்று நேரத்தை மாற்றும் வழக்கம் இல்லை. ஆகவே 19,800 விநாடி முன்னால் உள்ள நிலையான மண்டலம் ஒன்றை நீங்களே அமைத்துக்கொள்ளலாம். நம் சர்வருக்கு அது போதும்.

ஒரே நேரத்தில் பலர்

கோவின் சர்வர் ஒவ்வொரு இணைப்பையும் தனி ‘கோரூட்டின்’ ஆக ஓட்டுகிறது. ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் கேட்டாலும் நீங்கள் தனியாக எதுவும் எழுத வேண்டாம். ஆனால் பல கோரூட்டின்கள் ஒரே மதிப்பைத் தொடும்போது கவனம் தேவை. நம் கட்டண விவரத்தை எல்லாரும் படிக்கிறார்கள், யாரும் மாற்றுவதில்லை, அதனால் ஆபத்தில்லை. எத்தனை கோரிக்கை வந்தது என்று எண்ண ஒரு வேரியபிளை வைத்து ஒவ்வொரு முறையும் கூட்டினால் சிக்கல் வரும். இருவர் ஒரே நொடியில் கூட்டும்போது ஓர் எண்ணிக்கை தொலையலாம். இப்படிப்பட்ட இடத்தில் ‘அட்டாமிக்’ தொகுப்பையோ ‘மியூடெக்ஸ்’ பூட்டையோ பயன்படுத்துங்கள். டெஸ்ட் ஓட்டும்போது ‘ரேஸ்’ என்ற விருப்பத்தைச் சேர்த்தால், அந்த ஓட்டத்தில் நிகழும் இத்தகைய மோதல்களைக் கோ கண்டுபிடித்துச் சொல்லும்.

அடுத்தது கால வரம்பு. கோவின் சர்வரை இயல்பு அமைப்பில் விட்டால், மெதுவாகப் பேசும் வாடிக்கையாளருக்காக வரம்பின்றிக் காத்திருக்கும். வேண்டுமென்றே மெதுவாகப் பேசி சர்வரை முடக்குகிறவர்களும் உண்டு. சர்வர் ஸ்ட்ரக்டில் தலைப்பைப் படிக்க 5 விநாடி, விடை எழுத 10 விநாடி, சும்மா இருக்கும் இணைப்புக்கு 60 விநாடி என்று வரம்பு வையுங்கள். சர்வரை 8080 போர்ட்டில் கேட்க வைக்கும் ஃபங்ஷன் திருப்பித் தரும் பிழையையும் பதிவு செய்யுங்கள். அந்தப் போர்ட்டை வேறொரு நிரல் பிடித்துவைத்திருந்தால் அந்தப் பிழைதான் சொல்லும்.

நிறுத்தும்போதும் மரியாதை வேண்டும். நிறுத்தச் சொல்லும் சிக்னல் வந்ததும் ‘ஷட்டவுன்’ ஃபங்ஷனை அழைத்தால், புதிய இணைப்புகளை ஏற்காமல், ஓடிக்கொண்டிருக்கும் கோரிக்கைகளுக்குப் பதில் சொல்லிவிட்டு சர்வர் நிற்கும்.

ஊருக்குக் கொண்டுபோதல்

‘கோ பில்ட்’ கொடுத்தால் ஒரு பைனரி கிடைக்கும். உங்களிடம் விண்டோஸ் அல்லது மேக் இருந்து, வாடகை சர்வர் லினக்ஸ் என்றாலும் தடையில்லை. கம்பைல் செய்யும் முன் இயங்குதளம் லினக்ஸ், பிராசசர் இன்னது என்று இரண்டு சூழல் மாறிகளைக் குறித்தால், கோ அதற்கான பைனரியை உங்கள் கணினியிலேயே உருவாக்கித் தரும்.

பயணிகள் பெங்களூரில் இருக்கும்போது சர்வரும் அருகில் இருப்பது நல்லது, பதில் சீக்கிரம் வரும். டிஜிட்டல்ஓஷனுக்குப் பெங்களூரிலேயே தரவு மையம் உண்டு. அமேசான் சேவைக்கு மும்பையும் ஹைதராபாத்தும் உண்டு. எங்கே வைத்தாலும் செய்ய வேண்டியவை இவை:

1. பைனரியை சர்வருக்கு நகலெடுங்கள்.
2. ரூட் அல்லாத தனிப் பயனரின் பெயரில் ஓட்டுங்கள்.
3. நிரல் விழுந்தால் தானே எழும்படி ‘சிஸ்டம்டி’ சேவையாகப் பதியுங்கள்.
4. முன்னால் ‘கேடி’ போன்ற ஒரு வலை சர்வரை நிறுத்துங்கள். பாதுகாப்பான இணைப்புக்கான சான்றிதழை அதுவே வாங்கிப் புதுப்பித்துக்கொள்ளும். கேடியும் கோவில் எழுதப்பட்டதுதான்.
5. ‘/ஹெல்த்’ என்ற பாதையில் 200 மட்டும் திருப்பும் சிறு ஃபங்ஷன் ஒன்றை வையுங்கள். சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று வெளியிலிருந்து பார்க்க அது உதவும்.

வெளியிடும் முன் சரிபார்க்க

- டெஸ்ட் அட்டவணையின் எல்லா வரிசையும் தேறுகிறதா?
- தூரம் இல்லாமல், எழுத்தாக, எதிர்மறை எண்ணாக, மிகப் பெரிய எண்ணாகக் கேட்டால் நான்குக்கும் 400 வருகிறதா?
- மறுப்புச் செய்தியோடு கட்டணமும் சேர்ந்து போகாமல் இருக்கிறதா?
- கணினியின் நேர மண்டலத்தை யூ.டி.சி.க்கு மாற்றி ஓட்டினாலும் சரியான கட்டணம் வருகிறதா?
- விடையில் தமிழ்ப் பெயர்கள் உண்மையிலேயே தமிழில் வருகின்றனவா?

இந்த ஐந்தில் ஒன்றைக்கூடக் கம்பைலர் உங்களுக்காகச் சரிபார்க்காது. வகைகளை அது காக்கிறது. விதி உங்கள் காவலில் இருக்கிறது. சர்வர் சொல்லும் எண்ணை நம்பி ஒருவர் பணம் தருவார், இன்னொருவர் அதை அன்றைய கூலியாகக் கணக்கில் எழுதுவார். சின்ன சர்வர்தானே என்று டெஸ்டை விட்டுவிடாதீர்கள் என்று நான் வலியுறுத்துவது அதனால்தான்.

பயிற்சிகள்

1. காத்திருப்புக் கட்டணத்தைச் சேருங்கள். 5 நிமிடம், 6 நிமிடம், 20 நிமிடம், 21 நிமிடம் ஆகிய நான்குக்கும் விடை என்ன என்பதை அறிவிக்கையின் வாசகத்தைப் படித்து முடிவு செய்து, முதலில் டெஸ்டை எழுதுங்கள். நிரலைப் பிறகு எழுதுங்கள்.

2. ‘எச்.டி.டி.பி.டெஸ்ட்’ தொகுப்பைக் கொண்டு, போர்ட் எதையும் திறக்காமல் சர்வர் ஃபங்ஷனையே சோதியுங்கள். மேலே உள்ள பட்டியலின் இரண்டாம், மூன்றாம் கேள்விகளை டெஸ்டாக மாற்றுங்கள்.

3. பயணத் தேதியையும் ஓர் அளவுருவாக ஏற்றுக்கொள்ளுங்கள். 2013, 2021, 2025 கட்டணங்கள் மூன்றையும் ஒரு பட்டியலில் வைத்து, அந்தத் தேதியில் நடப்பில் இருந்த கட்டணத்தைத் தேர்ந்தெடுங்கள். 2025 ஜூலை 31 அன்று பகலில் 5 கி.மீ. போனவருக்கு 75 ரூபாய், மறுநாள் போனவருக்கு 90 ரூபாய் என்று வர வேண்டும். இதைச் செய்துவிட்டால், அடுத்த கட்டண அறிவிக்கை வரும் நாளில் பட்டியலில் ஒரு வரி சேர்ப்பது மட்டுமே உங்கள் வேலை.